கொய்யா நிற மணல்

செகந்திராபாத் லாலாகூடா ரயில்வே பட்டறையின் டிராயிங் ஆபீசில் நான் ட்ரேசராக இருந்தேன். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின்மேல் ட்ரேசிங் துணியை விரித்து, மயிரிழை பிசகாமல் மையால் படியெடுப்பது என் வேலை. அந்தத் துணி கஞ்சி போட்டு மெருகேற்றிய துணி. ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் போதும், அந்த இடம் வெளுத்துச் சுருங்கிவிடும். அதனால் வெயில் காலத்தில் நாங்கள் எல்லோரும் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு தலைவலிக்காரர்களைப் போல உட்கார்ந்திருப்போம். தூசியும் தண்ணீரும் எங்களுக்குப் பரம எதிரிகள். கோடுதான் எங்கள் குலதெய்வம். வீட்டிலும் நான் அப்படித்தான். சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. "வாசல்ல கோலம் போடக்கூட இவருக்கு ஸ்கேல் வேணும்" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். அவள் போடுகிற கோலம் உண்மையிலேயே இடப்பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்படிப்பட்ட நான் ஒரு பாலைவனத்தை வரைந்தேன். கோடே இல்லாத ஓர் இடத்தை, தூசியைக் கொண்டே வரைந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அது என் கையால் நடந்ததா என்று ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. என் தங்கையின் கணவர் எங்கள் பட்டறையிலேயே ஃபிட்டர். ரயில்வே ஆட்களைப் பட்டாளத்தில் சேர்த்துக் கப்பலேற்றினார்கள்; அவரும் போனார். கடல் தாண்டி எங்கோ பாலைவனத்தில் தண்டவாளம் போடுகிறார்கள், இன்ஜின் ஓட்டுகிறார்கள் என்று பட்டறையில் பேச்சு. எந்த ஊர் என்று எழுத அனுமதி கிடையாது. போய்ச் சேர்ந்ததும் அவர் போட்ட அட்டையில், தண்ணீருக்குத்தான் கொஞ்சம் சிரமம், மற்றபடி சௌக்கியம் என்று எழுதியிருந்தார். மனுஷர் வெறும் சௌக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

தங்கை அப்போது மாசமாக இருந்தாள். தனியாக இருக்க வேண்டாம் என்று எங்கள் குவார்ட்டர்ஸுக்கே அழைத்து வந்திருந்தோம். அட்டை வந்த நாளிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. சோறு தின்பாள், மோரை நகர்த்தி வைத்துவிடுவாள். காலையில் தம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர் சாயங்காலமும் அப்படியே இருக்கும். உதடு வெடித்து, கண் உள்ளே போய், நடந்தால் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்கிற நிலைக்கு வந்த பிறகுதான் என் மனைவி விஷயத்தைக் கண்டுபிடித்தாள். காலனியில் பிரசவம் பார்க்கிற தெலுங்கு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

நான் கத்தினேன், கெஞ்சினேன், மறுபடி கத்தினேன். தங்கை என்னைவிட நிதானக்காரி. சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பிடிவாதம் இல்லண்ணே. வாயில ஊத்துனா இறங்க மாட்டேங்குது. அவருக்கு அங்க இல்லாதப்ப எனக்கு எப்படி இறங்கும்?"

"தண்ணி இல்லாத இடத்துலயா பட்டாளத்தைக் கொண்டுபோய் வெச்சிருப்பான்?"

"எனக்கு என்ன தெரியும்? கண்ண மூடுனா பள்ளிக்கூடப் புஸ்தகத்துல இருந்த ஒட்டக எலும்புதான் வருது. அந்தப் படத்துல மனுஷன் நிக்க ஒரு இடம் இல்ல. அவரை எங்க நிறுத்தி வெச்சு நினைக்கிறதுன்னே தெரியல." சாய்ந்திருந்த சுவரிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, "நீதான் படம் போடுற ஆளாச்சே. அந்த இடத்தை எனக்குப் போட்டுக் காட்டேன்" என்றாள்.

ஆபீசில் எத்தனையோ பாலங்களை, பாய்லர்களைப் படியெடுத்திருக்கிறேன். ஒரு பாலைவனமா முடியாது என்று உட்கார்ந்தேன். ஹெச் பென்சிலைக் கூராக்கி, வளைகோடு போடுகிற அச்சை வைத்து மணல்மேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். எனக்குப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. தங்கை வாங்கிப் பார்த்தாள்.

"மௌலாலி பக்கம் லைன் வளைஞ்சு போகுமே, அது மாதிரி இருக்கு" என்றாள்.

என் மனைவி சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். ஆனால் தங்கை சொன்னது சரிதான் என்று எனக்கே தெரிந்தது. அது ரயில் வளைவுதான். அதில் இன்ஜின் வரலாம், மணல் வராது.

கோட்டை விட்டுவிட வேண்டும் என்று புரிந்தது. எதைப் பிடிப்பது என்று புரியவில்லை. செகந்திராபாத் ஜேம்ஸ் தெருவில் வெள்ளைக்காரர்களுக்குப் படச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே போய் விசாரித்தேன். யுத்தம் வந்ததிலிருந்து கப்பலில் எதுவும் வருவதில்லை என்றார் கடைக்காரர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மேல் அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். பேஸ்டல் கட்டிகள், தேய்த்தால் தூளாக ஒட்டுகிற வண்ணக் கட்டிகள். நீலம், ரோஜா, பச்சை எல்லாவற்றையும் பூப்படம் போடுகிற துரைசானிகள் தனித்தனியாக வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவை இருந்த பள்ளங்கள்தான் மிச்சம். யாரும் சீண்டாமல் கிடந்தவை தவிட்டு நிறம், செங்கல் நிறம், பாலேட்டு நிறம், சாம்பல், காவி. மண் நிறத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கடைக்காரரே சொல்லிப் பெட்டியை என்னிடம் தள்ளினார்.

கரிக்குச்சி அவரிடம் இல்லை. அதை நானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. முதலில் வேப்பங்குச்சியைச் சுட்டேன், காகிதத்தைப் பிறாண்டியது. பிறகு, நம் ஊர்ச் சந்தைக்கு வருகிற காய்ந்த துவரைச் செடி மாரிலிருந்து ஒல்லிக் குச்சிகளாக ஒடித்து, காலி கோக்கோ டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு அடுப்பில் வைத்தேன். அந்தத் துளை வழியாக முதலில் புகை வந்தது, பிறகு சின்னதாக ஒரு சுடர் நின்றது. சுடர் அடங்கினால் உள்ளே வேலை முடிந்தது என்று கணக்கு. "சோறு எப்ப வேகும்னு ஒருநாளாவது இப்படிப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். டப்பா ஆறியதும் திறந்தேன். உள்ளே வைத்த குச்சிகள் வைத்த மாதிரியே இருந்தன, கணு கணுவாக, ஒன்றும் உருக்குலையாமல். ஆனால் கறுப்பு. எடுத்தால் எடையே இல்லை. ஒன்றோடொன்று தட்டினால் கண்ணாடி வளையல் மாதிரி சத்தம் வந்தது. தீயில் போட்ட பொருள் இவ்வளவு சுத்தமாகத் திரும்பி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் ஒன்றை எடுத்துக் காதருகே தட்டிப் பார்த்தாள்.

பட்டறைக்கு இயந்திர உறுப்புகள் சுற்றி வரும் தடித்த பழுப்புக் காகிதம் ஒரு பெரிய தாள் கேட்டு வாங்கி வந்து, பலகையில் குத்தினேன். கரிக்குச்சியைப் படுக்க வைத்து இழுத்து, விரலால் தேய்த்தேன். என் கண் முன்னாலேயே கறுப்பு கரைந்து நிழலாகிப் பரவியது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதன்மேல் பாலேட்டு நிறக் கட்டியை லேசாகத் தடவினால் நிழலுக்குள்ளிருந்து ஒரு மேடு எழுந்து வந்தது. இத்தனை வருடம் எந்தத் தூசியை ஊதி ஊதி விரட்டினேனோ அந்தத் தூசிக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையைக் கழுவ மனமில்லாமல் அன்று கறுத்த விரலோடேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் பாலைவனம் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதே. அப்போதுதான் கொய்யாக்காரர் ஞாபகம் வந்தது.

பட்டணத்துக்குத் தெற்கே பார்க்கஸ் என்று ஓர் இடம். நிஜாமின் பட்டாளத்துக்காக அரபு தேசத்திலிருந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே இருந்தார்கள். கொய்யாத் தோப்புகள் நிறைய. கொய்யாக் காலத்தில் அங்கிருந்து ஒருவர் ஒற்றை மாட்டு வண்டியில் எங்கள் காலனிக்குப் பழம் கொண்டு வருவார். என் வயதுதான் இருக்கும். கட்டம் போட்ட லுங்கி, இடுப்பில் அகலமான பெல்ட், ஊரையே கூட்டுகிற குரல். அரபு தேசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தராசைக் கீழே வைத்துவிடுவார். பழம் வாங்க வந்த பெண்கள் கையில் கூடையோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

அவரை வீட்டுக்கு அழைத்து வந்து பலகையைக் காட்டினேன். அவர் பேசியது தக்கனி உருது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது புரியும். நான் காவியும் தவிடும் கலந்து பூசியிருந்த மணலைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"நக்கோ, நக்கோ, வேண்டாம்" என்றார். "எதற்கு இந்த மஞ்சள்? மணல் மஞ்சள் என்று யார் உங்களுக்குச் சொன்னது?"

"பிறகு என்ன நிறம்?"

வண்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வந்து இரண்டு கையாலும் பிளந்தார். உட்சதை வெளுப்புமில்லாமல் சிவப்புமில்லாமல் இருந்தது. "விடியும்போது இது" என்றார் ஓரத்தைக் காட்டி. "வெயில் ஏறியதும் இது" என்று நடுவைக் காட்டினார். "மஞ்சள் எந்நேரமும் கிடையாது."

பிளந்த கொய்யாவைப் பலகை ஓரத்தில் வைத்துக்கொண்டு பாலேட்டின்மேல் செங்கல் நிறத்தைத் தேய்த்தேன். விரல் நுனியில் அழுத்தம் கொஞ்சம் கூடினால் பழுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும். ஒரு சமயம் சரியாக வந்தது. கொய்யாக்காரர் "ஹவ், இதுதான்" என்றார், தன் வண்டி மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல என் முதுகைத் தட்டினார். எனக்குப் பட்டறையில்கூட அப்படி ஒரு தட்டு கிடைத்ததில்லை.

அதன்பிறகு பழம் கொண்டு வரும்போதெல்லாம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியாடி நான் வரைவதும், அவர் குந்தி உட்கார்ந்து உத்தரவு போடுவதும் காலனிக்கு வேடிக்கையாகிவிட்டது. மணல்மேட்டின் உச்சியில் ஒரே ஒரு விளிம்பு இருக்கும், மடித்த துணி விளிம்பு போல, அதற்கு ஒரு பக்கம் பகல், மறுபக்கம் இருட்டு என்றார். கோடு போட ஓர் இடம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். காற்று அடித்தால் அந்த விளிம்பிலிருந்து மணல் புகையும் என்றார். போட்ட கோட்டைச் சுண்டுவிரலால் மேல்நோக்கிக் கலைக்க வேண்டியதாயிற்று. கலைந்ததும் மேடு உண்மையிலேயே புகைந்தது. மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதில் பேரீச்சை மரங்கள் சில, எல்லாம் அவர் சொல்லித்தான். வானத்துக்குப் போட என்னிடம் நீலம் இல்லை என்றேன். "நல்லதாகப் போயிற்று" என்றார். "புழுதி நாளில் அங்கே நீலம் இருக்காது. காகிதத்தை அப்படியே விடுங்கள்."

தங்கை நிலைப்படி ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் கை துடைக்கத் துணி எடுக்க உள்ளே போய் வருவதற்குள் அவளும் அவரும் ஏதோ பேசி முடித்திருந்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை.

படத்தை முடித்து மாட்டியபோது எங்கள் முன்னறைச் சுவர் காணாமல் போய்விட்டது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் சுவர் இருந்தது என்பதே மறந்துவிடும். பார்வை போய்க்கொண்டே இருக்கும். என் மனைவி கூட்டுவதை நிறுத்திவிட்டு விளக்குமாற்றோடு அதன் முன்னால் நின்றாள். "இவ்ளோ பெருசா இருக்கு, சத்தமே இல்லையே" என்றாள்.

ஆனால் தங்கை குடிக்கவில்லை. தினமும் படத்தைப் பார்ப்பாள். முன்னைவிட அமைதியாக இருந்தாள் என்பது உண்மை. தம்ளர் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் லைன். ஒவ்வொரு முறை கூட்ஸ் வண்டி போகும்போதும் சுவர் அதிர்ந்து, படத்திலிருந்து தூள் உதிர்ந்து தரையில் மெல்லிய கோடாக விழும். தங்கை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"இருக்கிறதும் போகுதுண்ணே" என்றாள் ஒருநாள்.

இந்தத் தூளை எப்படியாவது காகிதத்தோடு பிடிக்க வைக்க வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஊத வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். யுத்தக் காலத்தில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? யோசித்தேன். எங்கள் ட்ரேசிங் துணியே கஞ்சியால் நிற்கிற துணிதானே. என் சட்டை நிற்பதும் கஞ்சியால். கஞ்சி பிடிக்காத பொருள் உலகத்தில் உண்டா? அன்றைக்கு வடித்த கஞ்சியைத் தண்ணீர் போல நீர்க்க வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, இஸ்திரிக்காரர் துணிமேல் ஊதுவாரே, அதே மாதிரி வாய் நிறைய வைத்துக்கொண்டு படத்தின்மேல் ஊதினேன். வாய் வலிக்க ஊதினேன். முக்கியமாக நடுப் பள்ளத்தாக்கில், அங்கேதான் தூள் அதிகம்.

ஊதி முடித்து நிமிர்ந்தால், என் பாலைவனம் போய்விட்டது.

கொய்யா நிறம் எல்லாம் கறுத்து, பள்ளத்தாக்கு நெடுக ஈர மண்ணாகிவிட்டது. ஆற்று மணலில் குடம் கவிழ்ந்த மாதிரி இருந்தது. தண்ணீர் எனக்கு எதிரி என்று எத்தனை வருடமாகத் தெரியும், கஞ்சி என்று பெயர் மாற்றி வந்ததும் ஏமாந்துவிட்டேன். கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். என் மனைவியைப் பார்த்துக் கத்தினேன். "நானா ஊதச் சொன்னேன்?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். சத்தம் கேட்டுத் தங்கை எழுந்து வந்தாள்.

அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேராகப் படத்தின் அருகே போனாள். கறுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"ஈரமா இருக்குண்ணே" என்றாள்.

"கஞ்சிம்மா. நான்தான் கெடுத்துட்டேன்."

"அங்க மழை பெஞ்சா இப்படித்தானே இருக்கும்."

அது கேள்வியா, பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி, "ஆமா, இப்படித்தான் இருக்கும்" என்றாள். தங்கை படத்தைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஓரத்தில் இருந்த தம்ளரைக் கையில் எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். அது இறங்கியது. மறு வாய் குடித்தாள். நானும் என் மனைவியும் அசையாமல் நின்றோம். தம்ளர் காலியானதும், "இன்னும் கொஞ்சம் குடுங்கண்ணி" என்றாள். என் மனைவி செம்போடு ஓடி வந்தாள். பாதி வழியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

படம் காய்ந்தது. மேடுகள் மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தன. பள்ளத்தாக்கில் மட்டும் அந்தக் கறுப்பு போகவில்லை. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. சமையலறை விபத்து ஒன்றை மழை என்று நம்பி என் தங்கை தண்ணீர் குடிக்கிறாள். பாலைவனத்தில் மழையே கிடையாது என்று யாராவது ஒருவர் வாய்தவறிச் சொன்னால் முடிந்தது. அப்படிச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார், அவர் அடுத்த வாரம் பழம் கொண்டு வருவார்.

வந்தார். வாசலிலேயே மடக்கி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று போவதற்குள் வழக்கம்போல உள்ளே நுழைந்துவிட்டார். படத்தைப் பார்த்தார். அந்தக் குரல் நின்றது. அவர் செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் தள்ளிவிட்டு, திரும்ப வந்து நின்றார்.

"இதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்றார் மெதுவாக.

பிறகு, அரபு தேசத்தில் ஒருநாள் மழை வந்த கதையைச் சொன்னார். மழை அவர்கள் தலைமேல் பெய்யவில்லை. எங்கோ மலைகளுக்கு அப்பால் பெய்தது. முதலில் வாசனை வந்தது. ஒட்டகங்கள் எழுந்து நின்றுகொண்டன. பிறகு பள்ளத்தாக்கில் மணல் கறுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்புதான் தெரிந்தது, நடந்து வருகிற ஆள் மாதிரி வந்தது. வீடுகளிலிருந்து பெண்கள் இறங்கி ஓடி, அந்தக் கறுத்த மணலில் வெறுங்காலோடு நின்றார்கள். வெள்ளத்தின் இரைச்சல் கேட்ட பிறகுதான் மேட்டுக்கு ஓடினார்கள்.

சொல்லி முடித்து அவர் அந்தக் கறுப்பைத் தொடக் கை நீட்டினார். என் வழக்கப்படி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "தொடாதீங்க, தூள் போயிடும்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்களும் அன்றைக்கு அந்த மணலில் நின்றீர்களா?" என்று கேட்டேன்.

"நானா?" என்றார். "நான் பார்க்கஸில் பிறந்தவன் சாப். நின்றது என் அப்பா. அவர் சொல்லக் கேட்டதுதான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. காவியைத் துடைக்க வைத்தாரே, நான் போட்ட கோட்டைக் கலைக்க வைத்தாரே, உச்சியையும் புகையையும் நேரில் பார்த்தவர் போல உத்தரவு போட்டாரே. கொய்யாத் தோப்பைத் தவிர ஒன்றையும் பார்க்காத மனுஷர். இதை அவரிடம் சொல்ல நான் வாயெடுத்தபோது, நிலைப்படியிலிருந்து தங்கை தமிழில் பேசினாள்.

"எனக்குத் தெரியும்ணே. நீ துணி எடுக்க உள்ள போனியே, அன்னிக்கே கேட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"அவங்க அப்பா என்னிக்கோ சொன்னது. இன்னிக்கும் மணல் என்ன நெறம்னு பழத்தைப் பொளந்து காட்டுறாரு. நெஜமா அப்படி ஒரு இடம் இல்லாமலா இவ்ளோ நாள் மனசுல நிக்கும்?"

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாலைவனத்தைப் பார்க்காத ஒருவர் சொல்ல, பார்க்காத இன்னொருவன் வரைய, பார்க்காத ஒருத்தி அதை நம்பித் தண்ணீர் குடித்திருக்கிறாள். இதில் நான் தெரிந்து செய்தது என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? மழையைக் கொண்டுவந்தது கூட கஞ்சிதான். அன்று அந்தப் படத்தின் முன்னால் நிற்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது, கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி பயம். கொய்யாக்காரர் போகும்போது ஒரு கூடைப் பழத்தைத் தங்கை பக்கம் வைத்துவிட்டுப் போனார். நான் காசை நீட்டியதற்கு "நக்கோ" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

கோடையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். பிரசவம் பார்த்த அம்மாள் தன் கைராசி என்றாள். நாங்களும் ஆமாம் என்று புடவை வைத்துக் கொடுத்தோம். குழந்தை அந்தப் படத்தின் கீழேதான் குப்புறப் படுத்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது. கண்ணாடி போட வசதியில்லாமல் படம் சுவரில் வெறுமனே தொங்கியது. ஒருநாள் கவனித்தேன். பெரிய மேட்டின் நிழல் பக்கத்தில், ஈரப் பள்ளத்தாக்கு தொடங்குகிற இடத்தில், ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தூள் போயிருந்தது. குழந்தையின் வேலை என்று முடிவு கட்டினேன். அந்த இடத்தில் மறுபடி சாம்பலும் கரியும் பூசி மூடினேன். சில வாரத்தில் மறுபடி தேய்ந்திருந்தது. "படத்துல கை வெச்சே, விரல ஒடிச்சிருவேன்" என்று அந்தப் பொடிசை மிரட்டுவேன். அது என்னை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும். கொஞ்ச நாளில் பூசுவதை விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையும் வந்தார். கருவாடாகக் காய்ந்து, ஒரு காது சரியாகக் கேட்காமல் வந்தார். அவர் அதுவரை பார்த்திராத மகள் அவரைக் கண்டதும் என் மனைவியின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. குளித்துச் சாப்பிட்டு, முன்னறையில் பாயில் உட்கார்ந்தபோதுதான் அவர் கண் சுவருக்குப் போனது.

"இது என்ன மச்சான்?"

"பாலைவனம்" என்றேன். நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்திருப்பேன். "நீங்க இருந்த இடம்."

அவர் நன்றாகப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், அட்டையிலேயே தெரிந்ததுதானே.

"நாங்க இருந்த எடத்துல மணலே கெடையாது மச்சான். கல்லுதான். கண்ணுக்கெட்ன வரைக்கும் பொடிக் கல்லு, முள்ளு, கட்டாந்தரை. மௌலாலிக்கு அந்தப் பக்கம் போனீங்கன்னா கெடக்குமே, அது மாதிரி. ஒரு மேடு கெடையாது, ஒரு மரம் கெடையாது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பாயின் கோரையைப் பார்த்தேன். மௌலாலி கல்லை நான் ஜன்னலைத் திறந்தே வரைந்திருக்கலாம். தங்கை மட்டும் அசரவில்லை. குழந்தையின் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "எனக்கு நீங்க இதுலதான் இருந்தீங்க."

மாப்பிள்ளை மறுபடி படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நெடுநேரம் பார்த்தார். எழுந்து அதன் அருகே போனார். அந்தப் பெரிய மேடுகளுக்கு நடுவே தேடுகிறவர் மாதிரி அவர் முகம் அங்கும் இங்கும் போயிற்று.

"இதுலயா?" என்றார். "இவ்ளோ பெரிய எடத்துல நான் எங்க இருந்தேன்?"

தங்கை பாவாடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். தேடவில்லை, யோசிக்கவில்லை. அவள் விரல் நேராக மேட்டின் நிழல் பக்கத்துக்கு, ஈரம் தொடங்குகிற இடத்துக்குப் போய், தேய்ந்து வழவழத்துக் கிடந்த அந்தப் புளியங்கொட்டை அளவு வெற்றுக் காகிதத்தில் பதிந்து நின்றது.